தோழிக்கு ஒரு கதை: பெண்–பெண் காதற் புனைகதையும் இலக்கிய வகைகளும்

1

இலக்கியத்தின் பொருளையும் வடிவத்தையும் தனித்தனியே வைத்து நோக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. என்ன சொல்லப்படுகிறது என்பதை முற்போக்கு விமர்சகரும், எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை அழகியல்வாதிகளும் தத்தமக்கெனப் பங்கிட்டுக் கொண்டனர் எனலாம். ஆனால் சில பொருள்களைப் பொறுத்தவரை, அவை எந்த இலக்கிய வகையினுள் நுழைகின்றன என்பதே அவற்றின் கதியைத் தீர்மானித்துவிடுகின்றது. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான காதல் அத்தகையதொரு பொருள். யதார்த்த நாவல், சிறுகதை, மலிவுப்பதிப்பு நவீனம், நீதிக்கதை, அறிவியற் புனைகதை, சித்திரக்கதை ஆகிய வகைகளில் அது எவ்வாறு கையாளப்பட்டுள்ளது என்பதைக் கொழும்புத் தமிழ் வாசகரின் நிலைநின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இரு பெண்களின் கதை எங்கே முடியலாம், எங்கே முடிதல் ஆகாது என்பதை இலக்கிய வகை பெரும்பாலும் முன்கூட்டியே விதித்துவிடுகின்றது என்பது நமது கருத்து.

கொழும்பு என்று கூறும்போது சிறப்பாக வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் மனங்கொள்கிறோம். 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நிலைகொண்டுள்ளது. 1966 இல் யாழ்ப்பாணத்திலே டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ தன் பிற்காலத்தில் கொட்டாஞ்சேனையை அடுத்த ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. 2000 இல் தொடங்கிய ‘ஞானம்’ பின்னர் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது. ஈழத்துத் தமிழ் நவீன இலக்கியத்தின் வாசகர் கூட்டம் ஒன்று இவ்விரு பகுதிகளிலும் உருவாகி நிலைத்துள்ளது. நமது வினாவும் அக்கூட்டத்தை நோக்கியதே.

இவ்விரு பகுதிகளின் வாழ்க்கை முறையில் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தியொன்றுண்டு. ஓர் ஆணும் பெண்ணும் ஓர் அறையை வாடகைக்குக் கேட்டால் வீட்டுக்காரர் அவர்களின் உறவை வினவுவார். வேலைக்குச் செல்லும் இரு பெண்கள் கேட்டால் வினவமாட்டார், நல்லதென்றே எண்ணுவார். இந்த வினவாமை ஒருவகையிற் காப்பு, இன்னொருவகையில் இன்மையாக்கல். அப்பெண்களிடையே காதல் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எவருக்கும் தோன்றாததனாலேயே அவர்கள் பாதுகாப்பாக இருக்கின்றனர். இதே முரண்பாட்டைப் புனைகதையிலும் நாம் காண்போம்.

2

முதலிற் கலைச்சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மேலைத்தேய விமர்சனத்திலே இவ்வகை எழுத்து, கிறித்துவுக்கு முன் 600 ஆம் ஆண்டளவில் லெஸ்பொஸ் தீவில் வாழ்ந்த சப்போ என்னும் பெண்கவியின் பெயராற் சுட்டப்படுகின்றது. அதாவது, அங்கு இப்பொருளுக்குப் பெயர் தந்தது ஒரு கவிஞரின் பெயர். நம் மொழியிலோ நெடுங்காலம் வழங்கிய ‘ஓரினச்சேர்க்கை’ என்னும் சொல் மருத்துவத்தினதும் நீதிமன்றத்தினதும் சொல்லாகும். அது ஒரு செயலைச் சுட்டுகின்றதேயன்றி ஓர் உணர்வைச் சுட்டவில்லை. ஆண்–பெண் காதலைச் ‘சேர்க்கை’ என்று எந்த இலக்கிய விமர்சகரும் குறிப்பதில்லை. அண்மைக் காலத்தில் வழங்கும் ‘தன்பாலீர்ப்பு’ என்னும் சொல் இதனினும் மேலானது. எனினும் அதுவும் உளவியற் சொல்லே. எனவே இக்கட்டுரையில் ‘பெண்–பெண் காதல்’ என்றே வழங்குகின்றோம். காதலைக் காதல் என்று சொல்வதற்குத் தமிழில் வேறு சொல் வேண்டியதில்லை.

சட்டத்தின் சொல்லையும் நோக்குதல் வேண்டும். பிரித்தானியர் விட்டுச்சென்ற இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு ஆண்களை மட்டுமே குறித்தது. 1995 இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, ‘ஆண்’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘ஆள்’ என்ற பொதுச்சொல் இடப்பட்டது. பால் வேறுபாடின்மை என்னும் முற்போக்கான தோற்றத்தோடு, அதுவரை சட்டத்தின் கண்ணுக்குத் தென்படாதிருந்த பெண்கள் குற்றவாளிகளாக்கப்பட்டனர். 1999 இல் ஆங்கில நாளிதழொன்றில் வெளியான வாசகர் கடிதம், இத்தகைய பெண்கள்மீது வன்புணர்ச்சியாளரை ஏவிவிடவேண்டும் என்ற கருத்தைக் கூறியது. அதற்கெதிராகச் செய்யப்பட்ட முறைப்பாட்டை 2000 இல் இலங்கைப் பத்திரிகைப் பேரவை தள்ளுபடி செய்தது. 2022 இல், பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது அவர்களின் உரிமையை மீறுவதாகும் எனத் தீர்மானித்தது. 2023 இல், இப்பிரிவுகளை மாற்றுவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் கண்டது. ஆயினும் 2024 இற் பாராளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை. நாம் ஆராயும் புனைகதைகளின் பின்னணியில் நிற்கும் மெய்ம்மை இது.

3

தமிழ் மரபில் இப்பொருளுக்கு இடமுண்டா என்னும் வினா எழும்போதெல்லாம், சங்க இலக்கியத்திலேயே உண்டு என்று காட்ட முற்படுவோர் ஒருபுறமும், இது முற்றிலும் மேலைத்தேய இறக்குமதி என்று ஒதுக்குவோர் மறுபுறமும் நிற்பர். இரண்டும் வரலாற்று நோக்கிற்கு உதவா. சங்கப் பாட்டில் வரும் தோழியைக் காதலியாக்குவது நம் எண்ணமன்று. ஆனால் தோழி என்னும் பாத்திரத்தின் அமைப்பு நம் சிந்தனைக்குரியது.

அகப்பாடல்களிற் பெரும்பகுதி, காதலைப் பற்றிப் பெண்ணொருத்தி பெண்ணொருத்தியிடம் கூறும் மொழியாக அமைந்துள்ளது. தலைவியின் மெலிவை முதலில் அறிபவள் தோழி. அவளுக்காகத் தலைவனிடம் வாதிடுபவள் தோழி. அறத்தொடு நின்று காதலைத் தமர்க்கு உணர்த்துபவளும் தோழியே. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழியின் கூற்றாகும். உலக இலக்கியத்தில் வேறெங்கும் எளிதிற் காணமுடியாத அளவுக்குப் பெண்ணிடம் பெண் பேசும் காதல்மொழியை நம் மரபு வளர்த்துள்ளது. எனினும், இத்துணைப் பேச்சும் தரப்பட்ட தோழிக்கு ஒரு பெயர் தரப்படவில்லை, அவளுக்கெனக் காதலில்லை, வரைவுக்குப் பின் அவள் கதி யாது என்ற வினாவுமில்லை. மரபு அவளுக்குக் கூற்றை அளித்தது, கதையை அளிக்கவில்லை. அன்பின் ஐந்திணைக்கு வெளியே கைக்கிளை, பெருந்திணை என இரண்டை வகுத்து, ஒத்துவராக் காதலுக்கும் இலக்கணத்திலே இடம் வைத்த தொல்காப்பியமும், அவ்விரண்டையும் ஆண்–பெண் உறவுக்குள்ளேயே வகுத்தது.

ஆகவே, பெண்–பெண் காதலைத் தமிழிற் புனைகதையாக்க முயலும் எழுத்தாளர் மொழிக்காக அந்நிய நாட்டுக்குச் செல்லவேண்டியதில்லை. மொழி இங்கே உண்டு. இல்லாதது கதைப்பின்னலே. கதைப்பின்னலைத் தருவது இலக்கிய வகையாதலின், நம் ஆய்வு அங்கே திரும்புகின்றது.

4

யதார்த்த நாவலை முதலில் எடுத்துக்கொள்வோம். கொழும்புத் தமிழர் வாழ்வையும் தற்பால் காதலையும் இணைத்து எழுதப்பட்ட படைப்புகளுள் மிகப் பரவலாக அறியப்பட்டது ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’. 1983 இனக்கலவரம் வரை செல்லும் இந்நாவல் 1994 இல், அதாவது மேற்கூறிய சட்டத்திருத்தத்துக்கு ஓராண்டு முன்னர், ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் வரும் ‘மணமகள் விளையாட்டு’ விமர்சகர் பலரின் கவனத்தைப் பெற்றது. சிறுவன் அர்ஜி சேலையுடுத்து மணமகளாகின்றான், பெரியவர்கள் அதிர்ச்சியடைகின்றனர், கதை அங்கிருந்து கிளர்ந்தெழுகின்றது. ஆனால் அதே விளையாட்டில் காற்சட்டையும் கோட்டும் அணிந்து மணமகனாக நிற்பவள் அர்ஜியின் தங்கை சொனாலி. அவ்வேடம் யாருக்கும் வேண்டாத வேடம். பொறுமைசாலியான அவளுக்கு அது விழுகின்றது. ஓர் ஆண் மணமகளாவது குடும்பத்தையே உலுக்குகின்றது. ஒரு பெண் மணமகனாவதை எவரும் பொருட்படுத்துவதில்லை. வாடகை அறை பற்றி மேலே கூறிய முரண்பாடு இங்கே சிறுவர் விளையாட்டின் வடிவில் உள்ளது.

அந்நாவலில் வளர்ந்த பெண்ணுக்கு அனுமதிக்கப்படும் மீறல் எது என்பதும் நோக்கத்தக்கது. ராதா அன்ரி சிங்கள இளைஞனைக் காதலிக்கிறாள். இனப்பகைமை அக்காதலை முறிக்கின்றது. கொழும்புத் தமிழர் வாழ்வைச் சொல்லும் யதார்த்தப் புனைகதைக்குள் பெண்ணின் மீறல் இனம், சாதி, மதம் ஆகிய எல்லைகளைக் கடப்பதாகவே பெரிதும் கற்பனை செய்யப்பட்டுள்ளது. அங்கும் காதலின் இலக்கு ஆணே.

யதார்த்தத்துக்கு நேரும் இடரை இலண்டனின் 1928 ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டுகின்றது. ராட்கிளிப் ஹோலின் ‘தனிமையின் கிணறு’ என்று பொருள்படும் நாவல் அவ்வாண்டில் ஆபாசமானதெனத் தீர்ப்பளிக்கப்பட்டுத் தடைசெய்யப்பட்டது. உடற்கூட்டத்தை வருணிக்கும் பகுதிகள் அந்நாவலில் இல்லை என்றே சொல்லலாம். அது செய்த குற்றம், இத்தகைய பெண்கள் நம்மிடையே வாழ்கின்றனர் என்று யதார்த்த நாவலின் நிதானமான குரலிற் கூறியமை. அதே ஆண்டில், அதே நகரில், வர்ஜினியா வூல்ஃபின் ‘ஓர்லாண்டோ’ வெளிவந்தது. பெண்ணொருத்திமீது கொண்ட காதலின் பயனாக எழுதப்பட்ட அந்நூலில் நாயகன் நூற்றாண்டுகளைக் கடந்து வாழ்ந்து இடையிலே பெண்ணாகிவிடுகின்றான். அதனை எவரும் தடைசெய்யவில்லை. அது நன்றாக விற்பனையாயிற்று. பொருள் ஒன்றாக இருக்க, வகை வேறுபட்டதனால் ஒன்று நீதிமன்றத்துக்கும் மற்றொன்று புத்தகசாலைக்கும் சென்றன.

தென்னாசியாவில் இதற்கு இணையாகக் கூறத்தக்கது இஸ்மத் சுக்தாயின் ‘லிஹாஃப்’ என்னும் உருதுச் சிறுகதை. 1942 இல் வெளிவந்த இக்கதைக்காக அவர் லாகூரிலே ஆபாச வழக்கை எதிர்கொண்டார். கதையைச் சொல்பவள், சிறுமியாக இருந்தபோது தான் கண்டதை நினைவுகூர்கின்றாள். புறக்கணிக்கப்பட்ட பேகமுக்கும் பணிப்பெண்ணுக்கும் இடையே நிகழ்வது அச்சிறுமிக்குச் சுவரில் அசையும் போர்வையின் நிழலாக மட்டுமே தெரிகின்றது. ஆபாசமான சொல்லொன்றையேனும் எதிர்த்தரப்பாராற் சுட்டிக்காட்ட முடியவில்லை, வழக்கும் நிலைக்கவில்லை. சிறுகதையின் சுருக்கமும் குழந்தையின் நோக்குநிலையும் எழுத்தாளரைக் காத்தன. ஆனால் இதற்கொரு விலையும் இருந்தது: போர்வைக்குள் இருந்த இருவரின் மனத்தையும் நாம் உள்ளிருந்து அறிவதில்லை.

அவ்வாறு உள்ளிருந்து அறிய முற்படும் படைப்பாகக் கமலா தாஸ் 1988 இல் மலையாளத்தில் எழுதிய ‘சந்தனமரங்கள்’ என்னும் குறுநாவலைக் கூறலாம். ஷீலாவும் கல்யாணிக்குட்டியும் மருத்துவர்கள், கற்றவர்கள், சம்பாதிப்பவர்கள். ஆயினும் திருமணம் அவர்களைப் பிரிக்கின்றது. காதல் வாழ்நாள் முழுவதும் நினைவாகவே எஞ்சுகின்றது. இலங்கையிற் பிறந்து அமெரிக்காவில் எழுதும் எஸ். ஜே. சிந்துவின் ‘ஆயிரம் பொய்களின் திருமணம்’ எனப் பொருள்படும் 2017 ஆம் ஆண்டு நாவலில் அம்முடிச்சு வேறுவகையாக விழுகின்றது. லக்கி என அழைக்கப்படும் லக்ஷ்மியும் அவள் கணவன் கிருஷ்ணாவும் தத்தம் பாலினரையே விரும்புபவர்கள். குடும்பத்தவருக்காகக் கணவன் மனைவியாக வாழ்கின்றனர். பாட்டிக்கு உடல்நலங் குன்ற, பொஸ்ரன் பகுதியிலுள்ள தாய்வீட்டுக்குத் திரும்பும் லக்கி, தன் முதற் காதலியான நிஷாவுக்குத் திருமணம் பேசப்பட்டிருப்பதை அறிகின்றாள். இங்கே திருமணம் கதையின் முடிவாக அமையாது, கதை தொடங்கும்போதே நிகழ்ந்துவிட்ட நாடகமாக அமைகின்றது. யதார்த்த நாவலின் பழைய கதைப்பின்னலை ஆசிரியர் தலைகீழாக்கியுள்ளார். ஆயினும் அவருடைய நாவலும் அப்பின்னலுக்கு வெளியே செல்லவில்லை. தமிழ்க் குடும்பத்தை யதார்த்தமாகச் சித்திரிக்கும் எவரும் கலியாணப் பேச்சைத் தாண்டிச் செல்ல இயலாமையே இதற்குக் காரணம்.

5

மலிவுப்பதிப்பு நவீனங்களை நம் விமர்சனம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இலக்கிய வகை விதிக்கும் முடிவு எத்துணை வெளிப்படையானது என்பதற்கு இவற்றினும் சிறந்த சான்றில்லை. 1950களில் அமெரிக்காவில் பெண்–பெண் காதல் பற்றிய மலிவுப்பதிப்புகள் பெருந்தொகையாக விற்பனையாயின. அவற்றுள் ஒன்றை 1952 இல் வின் பாக்கர் என்னும் புனைபெயரில் எழுதிய பெண், கதை இன்பமாக முடிதல் கூடாது என்று பதிப்பகத்தார் வற்புறுத்தினர் எனப் பிற்காலத்திற் கூறியுள்ளார். நூல்கள் அஞ்சல்வழி அனுப்பப்பட்டன. தணிக்கையாளரின் அச்சம் இருந்தது. ஆகவே காதலியருள் ஒருத்தி பித்தாதல் வேண்டும். அதே ஆண்டில் பற்றீசியா ஹைஸ்மித் வேறொரு புனைபெயரில் எழுதிய ‘உப்பின் விலை’ எனப் பொருள்படும் நாவல் அவ்விதியை மீறியது. அதன் இறுதியில் இரு பெண்களும் இணைந்து வாழக்கூடும் என்ற நம்பிக்கை எஞ்சுகின்றது. அந்நாவலைத் தம் சொந்தப் பெயரில் வெளியிட ஆசிரியருக்கு 1990 வரை காலம் தேவைப்பட்டது.

தமிழ் மாதநாவல்களையும் தொடர்கதைகளையும் படித்துப் பழகிய வாசகருக்கு இவ்விதி புதிதன்று. கதாநாயகி கைப்பிடிக்கும் வரை நூல் நீள்வதும், கைப்பிடித்ததும் முடிவதும் அவ்வகையின் இயல்பு. அதில் தோழிக்குரிய பணி, சங்கப் பாட்டின் தோழிக்கிருந்த பணியே: கடிதம் கொடுத்தல், ஆறுதல் கூறல், கலியாணத்தன்று மறைதல்.

6

இனி, இவ்விதிகளிலிருந்து விலகிய வகைகளைக் காண்போம்.

கொழும்பிலே 1971 இல் பிறந்து அமெரிக்காவில் வாழும் மேரி ஆன் மோகன்ராஜ் 2005 இல் வெளியிட்ட ‘இயங்கும் உடல்கள்’ எனப் பொருள்படும் நூல், கந்தையா, வல்லிபுரம் ஆகிய இரு குடும்பங்களின் பல தலைமுறைகளைக் கூறும் தொடர்புற்ற சிறுகதைகளாலானது. அவற்றுள் ஒன்று, தமையனின் கலியாணத்தின்போது அவன் தங்கைக்கும் புதுமணப் பெண்ணுக்கும் இடையே இரவின் சமையலறையில் தோன்றும் காதலைச் சொல்கின்றது. தண்ணீர் அருந்த வருதல் என்னும் அன்றாடச் செயல் அச்சந்திப்புக்குக் காரணமாகின்றது. இக்கதை ஒரு நாவலின் அத்தியாயமாக இருந்திருப்பின், அடுத்த அத்தியாயம் அதற்குத் தண்டனையையோ விளக்கத்தையோ தந்தாக வேண்டும். தொடர்புற்ற சிறுகதை என்னும் வகையில் அக்கடப்பாடு இல்லை. கதை நிறைவுறுகின்றது, குடும்பம் தொடர்கின்றது, பிறர் கதைகளோடு இதுவும் ஒரு கதையாக நிற்கின்றது. தமிழ்ப் பெருங்குடும்பத்தின் வரலாற்றில் எழுதப்படாத ஏடொன்று கிழிக்கப்படாமல் உரிய இடத்தில் வைக்கப்படுகின்றது. அதே ஆசிரியர் 2013 இல் எழுதிய அறிவியற் புனைகதை, தென்னாசியர் குடியேறிய வேற்றுக் கோளிலுள்ள பல்கலைக்கழகமொன்றைக் களமாகக் கொண்டது. அங்கே பலவகைக் காதல்கள் உண்டு. எது தகும் எது தகாது என்ற வழக்குக் கதையின் மையத்தில் இல்லை. போர் மூளும்போது மக்கள் ஒருவரையொருவர் காப்பரா என்பதே மையம். இனப்போரை அறிந்த நம் வாசகருக்கு அவ்வினா எத்துணை அண்மையானது என்று கூறவேண்டியதில்லை.

நீதிக்கதையை இப்பொருளுக்குப் பயன்படுத்தியவர் சுனிதி நாம்ஜோஷி. இந்திய ஆட்சிப்பணியிலிருந்து விலகிக் கனடாவிலும் பின்னர் இங்கிலாந்திலும் வாழ்ந்த அவருடைய ‘பெண்ணிய நீதிக்கதைகள்’ 1981 இல் வெளிவந்தன. பஞ்சதந்திரத்தின் வழிவந்த அக்கதைகளில் விலங்குகளும் இளவரசியரும் வருவர். ஆனால் நீதி இடம்மாறியிருக்கும். 1985 இல் வந்த அவர் நூலொன்றிலே பசு ஒன்று பெண்–பெண் காதலியாக வந்து ஆசிரியருடன் உரையாடுகின்றது. பசு புனிதமானது என்ற நம்பிக்கையும் பெண் அடக்கமானவள் என்ற நம்பிக்கையும் ஒரே நகைப்பில் அசைக்கப்படுகின்றன. யதார்த்த நாவலில் இவ்வாறு எழுத முடியாது. பேசும் பசுவிடம் கலியாணப் பேச்சுக்கு எவரும் வரமாட்டார். சிந்து 2023 இல் எழுதிய ‘சக்தி’ என்னும் சித்திரக்கதையில் நாயகியான சிறுமிக்குத் தாயர் இருவர். அது கதையின் சிக்கலாக வைக்கப்படவில்லை. வீட்டின் செய்தியாக மட்டும் உள்ளது. ஹோலின் நாவல் நானூறு பக்கங்களுக்கு மேலாக மன்றாடியதைச் சிறுவர் சித்திரக்கதை மன்றாடாமலே பெற்றுக்கொள்கின்றது.

7

இவ்விடத்தில் இரு மறுப்புகள் எழும். முதலாவது, இப்பொருள் மேட்டுக்குடிச் சீரழிவின் வெளிப்பாடு. உழைக்கும் மக்களுக்கு இதில் ஏது அக்கறை என்பது. முற்போக்கு விமர்சனத்தில் நெடுங்காலம் ஒலித்த இக்குரலுக்கு அவ்விமர்சனத்தின் அடிப்படையிலேயே விடை கூறலாம். பெண் யாருடன் வாழலாம் என்பது முதலிற் சொத்துரிமைப் பிரச்சினை. தேசவழமைச் சட்டத்துக்குட்பட்ட மணமான பெண், தன் சொந்த அசையாச் சொத்தைக்கூடக் கணவனின் எழுத்துமூல இசைவின்றிக் கைம்மாற்ற இயலாது. வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடு சீதனப் பேச்சில் ஒரு பொருளாகிவிட்டது. வீடு கலியாணத்தின் வழியாகவே பெண்ணின் பெயருக்கு வருமாயின், கலியாணத்தை மறுப்பவள் வீட்டையும் மறுத்தவளாகின்றாள். பெண் எழுதுவதற்குப் பணமும் தனியறையும் வேண்டுமென வூல்ஃப் 1929 இல் வாதிட்டார். காதலிப்பதற்கும் அவையே வேண்டும். சீதனத்தைச் சாடிய நம் யதார்த்த எழுத்தாளர்கள், சீதனம் எந்தெந்த வாழ்க்கைகளை முளையிலேயே இல்லாமற் செய்கின்றது என்பதை முழுமையாகக் கணக்கிடவில்லை என்பதே நம் குறை.

இரண்டாவது மறுப்பு கனமானது. நீதிக்கதையும் வேற்றுக்கோளும் சுதந்திரத்தைத் தரலாம். ஆனால் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் வாடகை கொடுத்து வாழும் பெண்ணுக்கு அவை என்ன தரும்? இவ்வினாவை நாம் தட்டிக்கழிக்கவில்லை. நாம்ஜோஷியின் பசுவுக்கு வாடகை இல்லை; அண்டைவீட்டார் இல்லை; 365அ பிரிவும் இல்லை. கற்பனை வகைகள், முடிவு வேறாக இருக்கலாம் என்று வாசகரை எண்ணப் பழக்குகின்றன. அவற்றின் பணி அதுவே. அவ்வெண்ணத்தை வீதியும் விலையும் உறவினரும் நிறைந்த உலகிற் பொருத்திக் காட்டவேண்டிய பணி யதார்த்தத்துக்கே உரியது. எனவே யதார்த்தத்தைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. யதார்த்தம் என்ற பெயரில் கலியாணமும் மரணமும் ஆகிய இரண்டு முடிவுகளை மட்டும் மெய்யென ஏற்கும் பழக்கத்தைக் கைவிடுமாறே கூறுகின்றோம். வாழ்க்கையில் மூன்றாவது முடிவுகள் உண்டு; இரு பெண்கள் ஒரே முகவரியில் முதுமையடைதல் அவற்றுள் ஒன்று.

மேலே குறிப்பிட்ட ஈழத்தவர் படைப்புகள் யாவும் ஆங்கிலத்தில், கடல் கடந்த நாடுகளில் எழுதப்பட்டவை. வெள்ளவத்தையில் ஆங்கிலம் வாசிக்கும் பெண் அவற்றை அடையலாம். கொட்டாஞ்சேனையில் தமிழ் மட்டும் வாசிக்கும் பெண்ணுக்கு அவள் மொழியில் எஞ்சுவது சட்டத்தின் சொல்லும் வசைச்சொல்லும் ஆகும். வர்க்க வேறுபாடு இங்கே மொழி வேறுபாடாக வந்து நிற்கின்றது. 1986 இல் யாழ்ப்பாணத்திலே ‘சொல்லாத சேதிகள்’ என்னும் பெண்கள் கவிதைத் தொகுப்பு வெளிவந்தபோது, அதுவரை பொதுவிற் பேசப்படாத பெண் அனுபவங்களுக்குத் தமிழில் ஒரு வாசகர் கூட்டம் உண்டென்பது நிறுவப்பட்டது. அத்தலைப்பின் பொருள் இன்னும் தீர்ந்துவிடவில்லை.

ஆகவே, தமிழ்த் துறைகளும் சங்கங்களும் மேற்கொள்ளத்தக்க பணிகளாக மூன்றைக் குறிப்பிடலாம். இவ்வாங்கிலப் படைப்புகளை ஈழத்து வழக்கறிந்தோர் தமிழாக்குதல் ஒன்று. நம் பழைய சிறுகதைகளையும் தொடர்கதைகளையும், தோழி எங்கே கதையிலிருந்து அகற்றப்படுகின்றாள் என்ற ஒரே வினாவுடன் மீள வாசித்தல் மற்றொன்று. இப்பொருளில் தமிழில் எழுத முன்வரும் பெண்ணின் கையெழுத்துப்படியை, அது ஆபாசமா என்று பாராது, அது கதையாக நிற்கின்றதா என்று பார்க்கும் இதழாசிரியர் இருத்தல் மூன்றாவது. இவற்றுள் இறுதியானதே மிக அவசரமானது. ஏனெனில் மொழிபெயர்ப்பும் மீள்வாசிப்பும் காத்திருக்கலாம்; திருப்பியனுப்பப்பட்ட முதற்கதைக்குப் பின் பலர் இரண்டாவதை எழுதுவதில்லை.